லீக் அநியாயமாகத் தண்டித்தால் என்ன செய்வது: யாழ்ப்பாண உதைபந்தாட்டக் கழகங்களுக்கும் ஆதரவாளர்களுக்கும்

சிவப்பு அட்டை பிழையான ஆளுக்குக் காட்டப்படுகிறது. கோட்டுக்கு வெளியே நின்ற சனம் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. எங்கிருந்தோ ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்துவந்து மத்தியஸ்தரின் தோளில் படுகிறது. போத்தல் விழுந்த கணமே வழக்கு மாறிவிட்டது. அதுவரை இருந்த கேள்வி, அட்டை சரியா பிழையா என்பது. இனி இருக்கும் கேள்வி, அந்தக் கழகத்துக்கு எத்தனை மாதத் தடை என்பது. ஒழுக்காற்றுக் குழு கூடும் நாளில் அட்டையைப் பற்றிக் கதைக்க ஒருவருக்கும் நேரம் இருக்காது.

குருநகர், நாவாந்துறை, பாசையூர், இளவாலை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை என்று உதைபந்தோடு வளர்ந்த ஊர்கள் நமக்கு நிறைய உண்டு. இங்கே கழகம் என்றால் வாசிகசாலை, கோயில், கடற்கரை எல்லாம் சேர்ந்த ஒன்று. ஒரு பெடியனுக்கு நடந்த அநியாயம் ஊருக்கே நடந்ததாகத்தான் படும். அந்தக் கோபம் பிழையில்லை. அநியாயத்தைப் பார்த்துக் கோபம் வராத ஊரில் விளையாட்டும் இருக்காது. ஆனால் லீக்கின் பிழையையும் நம்முடைய பிழையையும் ஒரே கோப்பில் சேரவிட்டால், விசாரிக்கப்படுவது நம்முடைய பிழை மட்டும்தான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்கானது.

ஓவலில் நடந்தது

2006 ஆகஸ்ட் 20, இலண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்துக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம். பாகிஸ்தான் அணி பந்தைச் சேதப்படுத்தியதாக நடுவர்கள் டரல் ஹெயாரும் பில்லி டொக்ட்ரோவும் முடிவுசெய்து, இங்கிலாந்துக்கு 5 ஓட்டங்கள் கொடுத்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாகிஸ்தான் அணி களத்துக்கு வரவில்லை. ஆட்டத்தைக் கைவிட்டதாகக் கணக்கெடுத்து வெற்றி இங்கிலாந்துக்குப் போனது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்த முதல் ஆட்டம் அது. செப்டெம்பரில் நம் நாட்டுப் போட்டித் தீர்ப்பாளர் ரஞ்சன் மடுகல்ல முன்னிலையில் விசாரணை நடந்தது. பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆனால் களத்துக்கு வராமல் விட்டதற்காகத் தலைவர் இன்சமாமுக்கு 4 ஒருநாள் போட்டித்தடை விதிக்கப்பட்டது.

கவனித்துப் பாருங்கள். முதல் குற்றச்சாட்டில் அவர்கள் வென்றார்கள். களத்துக்குள்ளேயே நின்று எழுத்தில் ஆட்சேபித்திருந்தால் அன்றைய ஆட்டமும் கையைவிட்டுப் போயிருக்காது. தண்டனை வந்தது அவர்களே உண்டாக்கிய இரண்டாவது வழக்கில்.

அதே டரல் ஹெயார்தான் 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை பிழை சொன்னவர். முரளிக்கு விடிவு வந்தது ஆய்வுகூடத்திலிருந்து. முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்று அளந்து பார்த்தார்கள். காலப்போக்கில் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற விதியே வந்தது. ஒரு ஆளுக்கு நடந்த அநியாயம் விதியையே மாற்றிய கதை அது. மாற்றியது அளவுகோலும் சான்றும்.

போட்டிக்கு முன்னரே செய்ய வேண்டியது

பெரும்பாலான மேன்முறையீடுகள் தோற்பது, போட்டிக்கு முன் செய்யாமல் விட்ட வேலையால்.

முதலாவது, விதிப்புத்தகம். இந்தப் பருவத்துக்குரிய லீக் விதிகளின் பிரதி செயலாளரின் கையில் இருக்கவேண்டும். போன வருடத்துப் புத்தகம் உதவாது. நான்கு இடங்களில் கோடு போட்டு வையுங்கள்: ஆட்சேபம் தெரிவிக்க எத்தனை மணித்தியாலம், கட்டணம் எவ்வளவு, யாருடைய கையில் கொடுக்கவேண்டும், மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிபாவின் சொந்தப் போட்டிகளில் ஆட்சேபம் ஆட்டம் முடிந்து 24 மணித்தியாலத்துக்குள் எழுத்தில் சேரவேண்டும்; மேன்முறையீடு செய்யும் எண்ணத்தை 3 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். உள்ளூர் லீக்கில் இது கூடலாம், குறையலாம். புத்தகம் சொல்வதுதான் கணக்கு. புத்தகம் தர மறுத்தால், கேட்ட திகதியோடு ஒரு கடிதம் கொடுத்து அதன் பிரதியை வைத்திருங்கள். பின்னாளில் அதுவே ஒரு வாதமாகும்.

இரண்டாவது, வீடியோ. பந்துக்குப் பின்னால் ஓடி ஓடி எடுத்த வீடியோவை எந்தக் குழுவும் ஏற்காது. ஆட்களை அடையாளம் காணமுடியாது. நடுக்கோட்டுக்கு நேரே, ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரத்தில், ஒரு தொலைபேசியை அசையாமல் நிறுத்துங்கள். லான்ட்மாஸ்ரர் பெட்டியில் மேசை வைத்து அதன்மேல் முக்காலி வைத்தாலே போதும். நம்மூரில் ஆட்டங்கள் பின்னேரம் தொடங்குவதால் கமரா மேற்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் பாதி முழுக்கச் சூரியன் வில்லைக்குள் அடிக்கும். படம் குறுக்குவாட்டில். ஆட்டம் தொடங்கும் விசிலோடு ஒரு கைக்கடிகாரத்தைக் கமராவுக்குக் காட்டுங்கள். எத்தனையாவது நிமிடம் என்ற வாக்குவாதம் அதோடு தீரும். 1080 தரத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 130 எம்பி வரை போகும், முழு ஆட்டத்துக்கு 12 ஜிபி அளவு. ஆகவே இடத்தை முதலே வெறுமையாக்குங்கள், பவர்பாங் செருகுங்கள், விமானப் பயண நிலையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோவது வழமையான விபத்து.

கோப்பை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பவேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும், முதுகு இலக்கம் தெரியாது. மூலக் கோப்பை அப்படியே பென்டிரைவில் போடுங்கள். பழைய முறையில் தயார்செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஒவ்வொரு பாதியையும் இரண்டு துண்டுகளாகப் பதியலாம்.

மூன்றாவது, சனம். கயிறு கோட்டிலிருந்து குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி. ஐம்பது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நிறச் சட்டை போட்ட தொண்டர்கள். தொண்டராக வாட்டசாட்டமான பெடியளை விடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை, அவர்களே முதலில் பாய்வார்கள். ஊரில் பேச்சுக்கு மரியாதை உள்ள ரீச்சர்மார், அம்மாமார், பழைய ஆட்டக்காரர்களை நிறுத்துங்கள். தன் ரீச்சர் முன்னால் ஒருவனும் கல்லெடுக்க மாட்டான். முதல்நாள் பின்னேரம் கோட்டோரம் கிடக்கும் முருகைக் கல்லையும் உடைந்த ஓட்டையும் பொறுக்கிவிடுங்கள். தண்ணீரை மூடி கழற்றிக் கொடுங்கள். மூடிய போத்தல் எறியும் பொருள். திறந்த போத்தல் எறிந்தவனையே நனைக்கும்.

நான்காவது, ஒலிபெருக்கி. நம் மைதானங்களில் சனத்தைக் கிளப்புவதும் அடக்குவதும் அறிவிப்பாளரின் வாய்தான். "என்ன அநியாயம் இது, மத்தியஸ்தருக்குக் கண் தெரியவில்லையா" என்று ஒரு வரி சொன்னால் போதும், கயிறு நிற்காது. போட்டிக்கு முன் அவரோடு ஒரு உடன்பாடு வேண்டும்: அட்டை காட்டப்பட்டால் ஆட்டக்காரரின் பெயர், இலக்கம், நிமிடம், அவ்வளவுதான். அடுத்த ஒரு நிமிடம் மைக் நிறுத்தம்.

விசில் ஊதியதும்

பிழையான முடிவைத் திருத்த மிகச் சிறிய ஒரு வாசல் உண்டு: ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன். அதுவரைதான் மத்தியஸ்தர் துணை மத்தியஸ்தரைக் கேட்டுத் தன் முடிவை மாற்றமுடியும். பந்து ஓடத் தொடங்கினால் வாசல் பூட்டு. ஆகவே அந்த முப்பது விநாடியில் பத்துப் பேர் சூழ்ந்து கத்தினால், உங்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பை நீங்களே அடைக்கிறீர்கள். அணித் தலைவர் மட்டும் போகவேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு மீற்றர் தள்ளி நின்று:

"சேர், அடிச்சது எங்கட பன்னிரண்டு இல்லை, இருபத்தொண்டு. ஒருக்கா லைன்ஸ்மன் சேரைக் கேளுங்கோ. அவர் நேரே பார்த்துக்கொண்டு நிண்டவர்."

இலக்கம், கோரிக்கை, சாட்சி. மூன்றும் வந்துவிட்டன. தன் அணியின் இருபத்தோராம் இலக்கத்தைக் காட்டிக்கொடுப்பதா என்று தயங்கவேண்டாம். குற்றம் செய்யாதவன் வெளியேறாமல் இருப்பதுதான் நியாயம், அதைச் சொல்லும் தலைவரின் சொல்லை அடுத்த தடவை மத்தியஸ்தர் நம்புவார்.

கேட்கவில்லையா? ஆடுங்கள். அணியை வெளியே கூப்பிடாதீர்கள். ஆட்டத்தைக் கைவிட்ட அணிக்கு பொதுவாக 3–0 தோல்வி; அதோடு தண்டமும் தடையும் சேரும். 1999 ஜனவரியில் அடிலெய்டில் முரளியின் பந்து மறுபடி பிழை எனப்பட்டபோது அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை கூட்டிப்போனார், ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. திரும்பி வந்து ஆடி ஒரு விக்கெட்டால் வென்றார்கள். அவருக்கும் தண்டனை வந்தது, போட்டிச் சம்பளத்தில் 75 வீதத் தண்டமும் நிபந்தனையோடு நிறுத்திவைத்த ஆறு போட்டித் தடையும். ஆட்டம் மட்டும் கையிலேயே இருந்தது.

அறிக்கை எழுதப்படும் இரவு

ஒழுக்காற்றுக் குழுவில் இருப்பவர்கள் அநேகமாக ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது மத்தியஸ்தரின் அறிக்கை. அது அன்றிரவு எழுதப்படும், கடைசி விசிலுக்குப் பிந்திய இருபது நிமிடத்தில் நடந்ததெல்லாம் அந்த மை காயுமுன் அதில் ஏறும்.

அந்த இருபது நிமிடத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். மத்தியஸ்தர்களின் மோட்டார் சைக்கிளைச் சனத்தின் நடுவில் விடாமல் அறைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், தொண்டர் ஒருவர் காவலுக்கு. ரயர் காற்று போனால் அது கழகத்தின் தலையில்தான் விழும். செய்தது யார் என்பது கேள்வியே இல்லை. ஆதரவாளர் பொருள் எறிந்தாலும், வெடி கொளுத்தினாலும், மைதானத்துக்குள் இறங்கினாலும் கழகமே பொறுப்பு என்பது பிபாவின் ஒழுக்காற்றுக் கோவையிலிருந்து கீழே வரும் விதி. "எங்கட ஆள் இல்லை, வெளியாள்" என்பது அங்கே எடுபடாது. யாருக்கும் காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், கைகலப்பு என்றால் 119 பொலிஸ். நாமே அழைத்ததும் நன்மைக்கணக்கில் எழுதப்படும்.

செயலாளர் பணிவாகக் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: "சேர், என்ன குற்றம் எண்டு எழுதுறீங்கள்?" இரண்டாவது மஞ்சள் அட்டையா, நிச்சய கோலைத் தடுத்ததா, பந்துக்காக மோதியதில் முரட்டுத்தனமா, பந்து இல்லாத இடத்தில் அடித்ததா? தலைப்பைப் பொறுத்துத் தண்டனை பல மடங்காகும். பிபாவின் கோவையில் நிச்சய கோலைத் தடுத்தவருக்கு 1 போட்டித் தடை; எதிராளியைக் குத்தினால், உதைத்தால் குறைந்தது 3; மத்தியஸ்தரிடம் ஒழுங்கீனமாக நடந்தால் குறைந்தது 4; மத்தியஸ்தரைத் தாக்கினால் குறைந்தது 15. கடைசி இரண்டு எண்களையும் வாசிகசாலைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஆட்சேபக் கடிதம்

களத்தில் மத்தியஸ்தர் எடுத்த முடிவைக் குழு மாற்றாது. பெனால்ரி இல்லை, ஓஃப்சைட் இல்லை என்று மூன்று பக்கம் எழுதுவது வீண் வேலை. வெல்லக்கூடிய வாதங்கள் நாலே நாலு.

ஆள் மாறாட்டம்: அட்டை பிழையான ஆளுக்குப் போனது. இதைத்தான் குழுக்கள் இலகுவில் ஏற்கும்.

தலைப்பு மாறாட்டம்: பந்துக்கான மோதல், அடிதடி என்று பதியப்பட்டது.

நடைமுறைப் பிழை: முன்னறிவித்தல் இல்லை, பதில் சொல்ல விடவில்லை, எதிரணிக் கழகத்து ஆளே குழுவில் இருந்து தீர்ப்புச் சொன்னார், சம்பவத்துக்குப் பிறகு இயற்றிய விதியால் தண்டித்தார்கள். எந்த நாட்டிலும் எந்த விசாரணைக்கும் பொருந்தும் இயற்கை நீதி இது: இரு பக்கமும் கேட்கவேண்டும், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது.

அளவு மீறல்: இதே குற்றத்துக்கு இதே லீக் முன்பு கொடுத்தது எவ்வளவு, இப்போது கொடுப்பது எவ்வளவு.

நாலாவதன் பலத்தை இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடும் எவர்ட்டன் கழகத்தின் வழக்கில் பார்க்கலாம். 2023 நவம்பர் 17இல் நிதிவிதி மீறலுக்காக அவர்களுக்கு 10 புள்ளி வெட்டினார்கள். மேன்முறையீட்டில் ஒன்பது வாதம் வைத்தார்கள். ஒன்பதும் தண்டனையின் அளவைப் பற்றியவை; குற்றம் செய்யவில்லை என்று வாதாடவில்லை. ஏழு விழுந்தன, இரண்டு நின்றன. அதில் ஒன்று, கீழ்ப்பிரிவு லீக்கில் ஏற்கெனவே இருந்த தண்டனை அளவுகோலைக் கணக்கில் எடுக்காதது பிழை என்பது. 2024 பெப்ரவரி 26இல் 10 புள்ளி 6 ஆகக் குறைந்தது. செய்ததை ஒப்புக்கொண்டு அளவைக் கேட்பவனுக்குக் குழு காது கொடுக்கும். எல்லாவற்றையும் மறுப்பவன் சொல்லும் உண்மையும் பொய்யாகப் படும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். இப்படி:

"செயலாளர் அவர்களுக்கு. (திகதி) அன்று (மைதானம்) மைதானத்தில் நடைபெற்ற (போட்டி) போட்டியின் 63ஆவது நிமிடத்தில் எமது 12ஆம் இலக்க வீரருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. சம்பவத்தில் ஈடுபட்டவர் எமது 21ஆம் இலக்க வீரர். இதை இணைப்பு 1 வீடியோவில் 18 நிமிடம் 40 விநாடி முதல் காணலாம். லீக் விதி இலக்கம் (—) இன்படி ஆள் மாறாட்டத்தின் பேரில் இந்த ஆட்சேபத்தைச் சமர்ப்பிக்கிறோம். 12ஆம் இலக்க வீரரின் தடையை நீக்குமாறும், தீர்ப்பு வரும்வரை தடையை எழுத்தில் இடைநிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம். கட்டணப் பற்றுச்சீட்டு இணைப்பு 2."

"பக்கச்சார்பு", "சதி", "காசு வாங்கி" என்ற சொற்கள் கடிதத்தில் வரக்கூடாது. அவற்றை நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில் ஏறும், இருபத்தோராம் இலக்கம் மறந்துபோகும். இரண்டு பிரதி எடுத்து, கையில் கொடுத்து, நேரத்தோடு கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி மின்னஞ்சலும் போடுங்கள். பல கடிதங்கள் தோற்பது வாதத்தால் இல்லை. ஞாயிறு ஆட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்ததால், அல்லது கட்டணம் கட்டாமல் விட்டதால்.

விசாரணை அறையில்

மூன்று பேர் போதும்: செயலாளர், தண்டிக்கப்பட்ட வீரர், பார்த்த சாட்சி ஒருவர். வாசலில் நாற்பது மோட்டார் சைக்கிள் நின்றால் குழு பயத்தில் முடிவெடுக்கும், பயந்தவர்களின் முடிவு எப்போதும் கடினமாகத்தான் இருக்கும். வீடியோவில் ஒரு நாற்பது விநாடித் துண்டு, அதன் முன்பின் வெட்டப்படாத மூலமும் கூடவே. முதலில் வழமையான வேகத்தில், பிறகு மெதுவாக. மெதுவாக மட்டும் காட்டினால் சாதாரண மோதலும் அடிதடி போலத் தெரியும். அது உங்களுக்கே பாதகம். வீரர் கழகச் சட்டையோடு வந்து, தான் செய்ததை முதலில் ஒப்புக்கொண்டு, செய்யாததை அடுத்துச் சொல்லட்டும். முடிவைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணம் இல்லாத தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு எழுத முடியாது.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. மேன்முறையீடு போட்டதால் தடை நின்றுவிடாது. இடைநிறுத்தம் எழுத்தில் வரும்வரை அந்த வீரரை இறக்கினால், தகுதியற்ற வீரரை ஆடவிட்டதற்கு வென்ற ஆட்டமும் 3–0 தோல்வியாகும். "லீக் ஆள் போனில் சரி எண்டவர்" என்பது சான்று ஆகாது.

ஊரின் கோபத்துக்கு ஒரு வடிகால்

கோபத்தை மூடி வைக்கச் சொன்னால் அது பேஸ்புக்கில் வெடிக்கும். அதற்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும்.

முதல் அறிவித்தல் தண்டிக்கப்பட்டவரின் வாயிலிருந்து வரட்டும், அன்றிரவே. 1955 மார்ச்சில் மொன்றியல் ஐஸ் ஹொக்கி வீரர் மொரிஸ் ரிச்சர்ட்டை லீக் தலைவர் மிச்சப் பருவம் முழுவதும் தடைசெய்தபோது நகரமே கலவரமானது, கடைகள் உடைந்தன. பிரெஞ்சு பேசும் மக்களுக்குப் பல காலமாக இருந்த மனக்குறை ஒரு வீரனின் தடையில் வந்து வெடித்தது. மறுநாள் ரிச்சர்ட்டே வானொலியில் அமைதி கேட்டார், அதற்குப் பிறகு கலவரம் தொடரவில்லை. நமக்கு ஒரு குரல் பதிவு போதும்:

"அண்ணைமார், தம்பிமார், எனக்கு நடந்தது பிழை எண்டு எனக்கும் தெரியும். செயலாளர் கடிதம் குடுத்திட்டார். முடிவு வருமட்டும் ஒருத்தரும் அந்த சேரைப் பற்றி ஒண்டும் போடாதேங்கோ. நீங்கள் போட்டா எனக்குத்தான் தடை கூடும்."

எவர்ட்டன் ஆதரவாளர்கள் அடுத்த சொந்த மைதான ஆட்டத்தில் ஆயிரக்கணக்கில் இளஞ்சிவப்பு அட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள். ஒருவரும் களத்தில் இறங்கவில்லை, உலகம் முழுக்க அந்தப் படம் போனது. நாமும் செய்யலாம்: ஏ4 மட்டையை நாலாக வெட்டினால் நூறு மட்டையில் நானூறு அட்டை. தடைசெய்யப்பட்ட வீரரின் இலக்கம் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு நிமிடம் உயர்த்திப் பிடிக்கலாம். ஆனால் அவர்கள் எழுதியதுபோல ஊழல் என்ற சொல்லை இங்கே எழுதவேண்டாம். அங்கே லீக் ஒரு பெரிய நிறுவனம். இங்கே லீக் என்றால் பெயர் தெரிந்த பத்துப் பேர், அந்தச் சொல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். "காரணத்தை எழுத்தில் தா", "ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை" என்று எழுதுங்கள். கோரிக்கை உள்ள பதாகைக்குப் பதில் சொல்லியாகவேண்டும். வசைக்குத் தண்டம்தான் பதில்.

வீதியால் ஊர்வலம் போவதென்றால், தொடங்கும் இடத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது பொலிஸ் கட்டளைச் சட்டம். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேறாக.

பேஸ்புக்கில் மத்தியஸ்தரின் படம், வீடு, தொலைபேசி இலக்கம், வேலைசெய்யும் பள்ளிக்கூடம் எதுவும் வரக்கூடாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கையில் இருப்பதை மறக்கவேண்டாம். உண்மையிலேயே காசு கைமாறியது என்று சான்று இருந்தால் அதற்கு விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முறைப்பாட்டை அந்த வழியில் கொண்டுபோங்கள், பதிவாகப் போடாதீர்கள்.

அரசியல்வாதியிடம் ஓடுவதும் பழகிப்போன ஒரு பிழை. தெரிந்த ஆளைப் பிடித்து லீக்குக்கு அழுத்தம் கொடுத்தால் இன்று வெல்லலாம், நாளை எதிர்க் கழகம் அதைவிடப் பெரிய ஆளைப் பிடிக்கும். வெளியார் தலையீடு என்ற காரணத்தால்தான் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனமே பிபாவால் இடைநிறுத்தப்பட்டது. சர்வதேச ஆட்டமும் இல்லை, பிபாவின் உதவித்திட்டங்களும் இல்லை. கொழும்பில் நடந்த இழுபறிக்கு யாழ்ப்பாணத்துப் பெடியளும் விலை கொடுத்தார்கள். நீதிமன்றம் போவதும் அப்படித்தான். லீக்கின் உள்வழிகளை முடிக்காமல் போனால் உறுப்புரிமைக்கே ஆபத்து. முதலில் யாப்பை வாசியுங்கள்.

கோபம் எல்லை தாண்டினால் விலை எங்கே கட்டப்படுகிறது என்பதை ஆதரவாளர்களுக்கு விளங்கப்படுத்துங்கள். 2001 நவம்பரில் இந்தியாவின் தென்னாபிரிக்கச் சுற்றில் கிரிக்கெட் போட்டித் தீர்ப்பாளர் மைக் டெனெஸ் ஆறு இந்திய வீரர்களைத் தண்டித்தபோது கல்கத்தாவில் கொடும்பாவி எரித்தார்கள், இரண்டு நாட்டுச் சபைகளும் அவரை ஏற்க மறுத்தன. விளைவு, செஞ்சூரியனில் நடந்த அடுத்த ஆட்டம் டெஸ்ட் தகுதியை இழந்தது. அதில் ஆடியவர்களின் ஓட்டமும் விக்கெட்டும் கணக்கில் இல்லை. தண்டிக்கப்பட்ட அறுவரில் ஒருவரான சேவாக்கின் தடை மட்டும் அப்படியே இருந்தது, அடுத்து மொகாலி டெஸ்டில் வெளியே இருந்தார். நம்மிடம் விலை இன்னும் கிட்ட இருக்கிறது. அடிவாங்கிய மத்தியஸ்தர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். அவருக்குப் பதில் வருபவர் அனுபவம் குறைந்தவர், பிழை இன்னும் கூடும். பள்ளிக்கூடம் மைதானம் தர யோசிக்கும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து சப்பாத்துக்கும் சட்டைக்கும் காசு அனுப்பும் ஊர்க்காரர் கையை இழுப்பார்கள். பெண்பிள்ளைகள் அணியும் 14 வயதுப் பிள்ளைகள் அணியும்தான் முதலில் நிற்கும், ஏனென்றால் சண்டை நடக்கும் மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. இரண்டு ஊருக்கும் இடையில் விழுந்த பகை கோயில் திருவிழாவிலும் சந்தையிலும் தலைகாட்டும்.

பொதுக்கூட்டத்துக்குப் போங்கள்

ஒரு வீரரின் தடை நீங்கினாலும் லீக்கின் முறை மாறாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு கழகம் இதே இடத்தில் நிற்கும். முறையை மாற்றும் அதிகாரம் வாக்குரிமை உள்ள கழகங்களிடம் இருக்கிறது, ஆனால் பொதுக்கூட்டத்துக்குப் பாதிப்பேர் வருவதில்லை. பிரேரணை கொடுக்கும் கடைசித் திகதியை யாப்பில் பார்த்து, குறைந்தது மூன்று கழகங்கள் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுங்கள். அதில் உங்களோடு பகையான கழகம் ஒன்று இருந்தால் மற்றவர்கள் எதிர்ப்பது கடினம். கேட்கவேண்டியவை: விதிப்புத்தகமும் தண்டனை அட்டவணையும் பருவம் தொடங்குமுன் தமிழில் வெளியாகவேண்டும், தன் கழகமோ அன்றைய எதிர்க் கழகமோ சம்பந்தப்பட்ட வழக்கில் குழு உறுப்பினர் எழுந்து வெளியே போகவேண்டும், தீர்ப்பு 14 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில், மேன்முறையீட்டைக் கேட்பவர்கள் முதல் தீர்ப்புச் சொன்னவர்களாக இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெல்லமுடியாது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் தண்டனை அட்டவணையைக் கேளுங்கள். எல்லாக் கழகத்துக்கும் அது உதவும் என்பதால் வாக்கு இலகுவில் சேரும்.

கடைசியாக, கோப்பு. வாசிகசாலை அலுமாரியில் ஒரு கோப்பு: கடிதப் பிரதிகள், பற்றுச்சீட்டுகள், தீர்ப்புகள், பென்டிரைவ். தோற்ற வழக்குகளையும் போடுங்கள், மற்றக் கழகங்களுக்கு வந்த தண்டனைகளைப் பத்திரிகையில் கண்டால் அதையும் வெட்டி ஒட்டுங்கள்: திகதி, குற்றம், எத்தனை போட்டி. செயலாளர் மாறும்போது சாவியோடு அந்தக் கோப்பையும் எண்ணிக் கொடுங்கள். "இதே குற்றத்துக்கு முன்பு எவ்வளவு கொடுத்தீர்கள்" என்று அடுத்த தடவை கேட்கப்போகிறவருக்கு அதைவிட வேறு சான்று கிடையாது.